விளையாட்டுப் பொருளும் ஐம்புலக் கல்வியும்

வடமொழி நாடகங்களுள் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் தனிச் சிறப்புடையது. மண்ணாலாகிய சிறுதேர் என்பது அப்பெயரின் பொருள். செல்வத்தை வாரி வழங்கி வறியனான சாருதத்தனின் மைந்தன் உரோகசேனன், அயல்வீட்டுச் சிறுவனின் பொற்றேரை உருட்டி விளையாடிய பின்னர், பணிப்பெண் செய்து கொடுத்த மண்தேரை வேண்டாவென மறுத்து அழுகின்றான். அதுகண்டு உளமிரங்கிய வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் இட்டு நிரப்பி, இவற்றைக்கொண்டு பொற்றேர் செய்வித்துக்கொள் என்கின்றாள். நாடகத்தின் ஆறாம் அங்கத்தில் வரும் இக்காட்சி, குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் தேர்ந்து கொடுக்கும் பெற்றோர் யாவரும் எதிர்ப்படும் ஒரு வினாவை உள்ளடக்கியது. பொருளின் மதிப்பை அளக்கும் கோல் அதன் விலையா, அன்றிக் குழந்தையின் கையும் கண்ணும் செவியும் அதனிடத்துப் பெறும் பயனா என்பதே அவ்வினா. மேலைநாட்டுக் கல்வியாளர் பலர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை தேடினர். அவர் கண்ட விடைகள் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்பதும், அவை ஈழநாட்டுப் பாலர் கல்வியை எவ்வாறு வந்தடைந்தன என்பதும் ஆராயத்தக்கன.

புலனுக்கு விருந்தாகும் விளையாட்டுப் பொருள்கள் மிகப் பழமையானவை. சிந்துவெளியின் மொகெஞ்சதாரோ, அரப்பா ஆகிய இடங்களில் உள்ளே சிறு உருண்டைகள் இடப்பட்ட சுடுமண் கிலுகிலுப்பைகளும், பறவை வடிவான ஊதுகுழல்களும், சிறு வண்டிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கிரேக்க நாட்டில் ஆர்க்கிதாசு என்பார் கண்டதாகக் கூறப்படும் கிலுகிலுப்பையை அரித்தோத்தில் தம் அரசியல் நூலிற் பாராட்டுகின்றார். குழந்தைகளால் வாளா இருக்க இயலாதாகலின், வீட்டுப் பொருள்களை உடைக்காவண்ணம் அவர் கைக்கு ஒன்று கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய ஆசிரியரான பிளேற்றோ, வருங்காலத்திற் கட்டடம் அமைப்பவன் இளமையிற் சிறுவீடு கட்டி விளையாடுதல் வேண்டும் என்றார். உரோம நாட்டுக் குவிந்திலியன் தந்தத்தாற் செய்த எழுத்துகளைக் குழந்தைகட்கு விளையாடக் கொடுக்குமாறு கூறினார். ஒருவர் அமைதியையும், ஒருவர் தொழிற் பயிற்சியையும், ஒருவர் எழுத்தறிவையும் கருதினர். மூவரும் பெரியோரின் தேவையினின்றே குழந்தையின் விளையாட்டை நோக்கினர் என்பது ஈண்டுக் கருதற்பாலது.

தமிழிலக்கியம் இப்பொருளைப் பிறிதொரு கோணத்திற் காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றிக் கையால் உருட்டும் முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பிற்காலத்தெழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களின் வைப்புமுறையும் சிந்தனைக்குரியது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களுள் எதுவும் செய்துகொடுக்கப்பட்ட விளையாட்டுப் பொருளாற் பெயர் பெறவில்லை. தாயின் தாலாட்டு, குழந்தையின் கைகள், அதன் தளர்நடை, வானத்து நிலவு என்பனவே அங்கே விளையாட்டுக்குக் கருவிகள். மணற்சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் இறுதி மூன்று பருவங்களிலேயே வருகின்றன. பாட்டுடைத் தலைவனைப் போற்றும் நோக்குடன் எழுந்த இவ்விலக்கியத்தைக் கல்வி நூலெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும், குழந்தை வளர்ச்சியை அணுக்கமாக நோக்கிய ஒரு சமுதாயத்தின் பட்டறிவு அவ்வரிசையிற் பொதிந்துள்ளது எனலாம்.

ஐரோப்பாவிற் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு வெள்ளிக் கைப்பிடியும், சிறு மணிகளும், பவளத் துண்டும் அமைந்த கிலுகிலுப்பைகள் நெடுங்காலம் வழங்கிவந்தன. பல் முளைக்குங்காற் கடிப்பதற்குப் பவளம் உதவியது. அது தீங்கை விலக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆயினும், அப்பொருளின் பளபளப்பு குழந்தையின் நலத்தினும் குடும்பத்தின் செல்வநிலையையே மிகுதியாகப் பறைசாற்றியது.

இவ்வழக்கத்திற்கு எதிரான சிந்தனை ஆங்கிலேய அறிஞர் யோன் லொக்கிடம் தோன்றிற்று. மனிதனுடைய உள்ளத்திற் பிறப்போடு வந்த எண்ணங்கள் இல்லை, அறிவுக்குரிய பொருளனைத்தும் புலன்வழி வரும் அனுபவத்திலிருந்தும் அதுபற்றிய சிந்தனையிலிருந்துமே பெறப்படுகின்றன என்பது அவரது கோட்பாடு. அங்ஙனமாயின், குழந்தை முதலிற் தொட்டும் கண்டும் கேட்டும் அறியும் பொருள்கள் அற்பமானவையாதல் இயலாது. 1693ஆம் ஆண்டில் வெளியான கல்வி பற்றிய நூலில், குழந்தைகட்கு விளையாட்டுப் பொருள்கள் இருத்தல் வேண்டுமென்றும், அவற்றை ஒருங்கே குவித்துக் கொடுத்தல் தகாதென்றும் அவர் எழுதினார். வழவழப்பான கூழாங்கல்லும், காகிதத் துண்டும், தாயின் திறவுகோற் கொத்தும் சிறு குழந்தைக்கு விலையுயர்ந்த பொருள்களைப் போலவே மகிழ்ச்சி தரும் என்பதும், வளர்ந்த பிள்ளைகள் தமக்கு வேண்டியவற்றைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவர் கூற்று.

பிரெஞ்சு மொழியில் 1762இல் எமில் என்னும் நூலை எழுதிய ரூசோ, லொக்கைக் காட்டிலும் கடுமையாகப் பேசினார். வெள்ளி மணியும் பொன்னும் பவளமும் வேண்டா. கனியும் இலையும் கொண்ட சிறு கிளையும், விதைகள் உள்ளே ஒலிக்கும் உலர்ந்த கசகசாக் காயும், கடித்துச் சுவைக்கத்தக்க அதிமதுரக் குச்சியும் போதும் என்றார். கண்ணுக்கு இலையும், செவிக்கு விதையொலியும், நாவுக்கு வேரின் சுவையும் ஆக, புலன்களுக்கு வேண்டியனவற்றை இயற்கையே தருகின்றது என்பது அவர் துணிபு. குழந்தை வளர்ப்பைப்பற்றி இத்துணை நுட்பமாக எழுதியவர் தம் மக்கள் ஐவரையும் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டவர் என்பதை அவருடைய தன்வரலாறே ஒப்புக்கொள்கின்றது. அது அவர் வாழ்வின் களங்கம். அவர் வகுத்த கருத்தோ பிறர் கையிற் செயலாயிற்று.

அங்ஙனம் செயலாக்கியோருள் தலையாயவர் ஜேர்மனியரான பிரெடரிக் புரோபல். 1782இற் பிறந்த இவர், சுவிற்சலாந்தில் இவெர்டன் என்னுமிடத்திற் பெஸ்தலோசி நடாத்திய பாடசாலையில் 1808 முதல் 1810 வரை தங்கி, பொருளைக் காட்டிக் கற்பிக்கும் முறையை நேரிற் கண்டார். 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறுவர்க்கான நிலையமொன்றை நிறுவிய அவர், 1840இல் அதற்குக் கிண்டர்காட்டன், அதாவது குழந்தைப் பூங்கா, என்னும் பெயரை இட்டார். குழந்தைகட்கெனத் தாம் வகுத்த விளையாட்டுப் பொருள்களை அவர் கொடைகள் என வழங்கினார். முதற்கொடை நூலிற் கட்டிய ஆறு மென்பந்துகள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று நிறங்களும், அவற்றின் கலப்பாலாகும் செம்மஞ்சள், பச்சை, ஊதா ஆகிய மூன்றும் அவற்றின் நிறங்கள். இரண்டாவது கொடையில் மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை என்பன அடங்கும். மூன்றாவது, எட்டுச் சிறு கனங்களாகப் பிரித்துப் பின்னர் ஒன்றாகச் சேர்க்கத்தக்க ஒரு கனம். மென்மையிலிருந்து வன்மைக்கும், முழுமையிலிருந்து பகுதிக்கும் குழந்தையை அழைத்துச் செல்லும் ஒழுங்கு அவ்வரிசையில் உண்டு.

புரோபல் பந்தை மட்டும் கொடுத்து அமைந்தாரல்லர். 1844இல் தாய்மார் குழந்தையோடு பாடி விளையாடுதற்குரிய பாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். பொருளும் அதனைக் கொடுப்பவரின் குரலும் இணைந்தே குழந்தையின் அறிவை வளர்க்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆயின் 1851இல் பிரசிய அரசு, நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புவன என ஐயுற்றுக் குழந்தைப் பூங்காக்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டிற் புரோபல் காலமானார். தடை 1860இலேதான் நீங்கியது. அவர் வழிவந்தோருட் பலர் கொடைகளை வரிசை பிறழாது, ஆசிரியர் கட்டளைப்படி அசைக்க வேண்டிய சடங்குப் பொருள்களாக்கிவிட்டனர். விளையாட்டின் பெயரால் விளையாட்டு ஒடுங்கிய நிலை அது.

மற்றொரு மரபு மருத்துவர்களிடையே உருவாயிற்று. பிரான்சில் அவேரோன் பகுதியிற் காட்டிற் திரிந்த சிறுவனொருவன் 1800ஆம் ஆண்டில் மக்கள் கைப்பட்டான். பேச்சறியாத அச்சிறுவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, சூடு குளிர், ஓசை, வடிவம் ஆகியவற்றைப் பகுத்தறியுமாறு இற்றாட் என்னும் மருத்துவர் பயிற்சியளித்தார். விக்டர் பேசக் கற்றிலனாயினும், புலன்களைப் பயிற்றலாம் என்னும் நம்பிக்கை நிலைபெற்றது. இற்றாட்டைப் பின்பற்றிய செகுவான், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகட்கெனப் பல கருவிகளை அமைத்தார். உதவாக்கரைகள் என உலகம் ஒதுக்கியவர்களின் பொருட்டே புலன்பயிற்சிக் கருவிகள் முதன்முதல் எழுந்தன என்பது மறக்கற்பாலதன்று.

இவ்விரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களையும் ஆழ்ந்து பயின்றவர் இத்தாலிய மருத்துவர் மரியா மொன்ரிசோரி. 1870இற் பிறந்து 1896இல் உரோமிற் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், முதலில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகட்குக் கற்பித்தார். பின்னர், 1907 சனவரி 6ஆந் தேதி உரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் வறியோர் குடியிருப்பிற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளே அங்குச் சேர்ந்தனர்.

அங்கே அவர் பயன்படுத்திய கருவிகளின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. ஒரு சென்ரிமீற்றர் முதற் பத்துச் சென்ரிமீற்றர் வரை பக்கமுடைய பத்துக் கனங்களாலாயது இளஞ்சிவப்புக் கோபுரம். நிறமும் வடிவமும் ஒன்றே. பருமன் மட்டுமே வேறுபடும். நீளத்தை அறிய வைத்த செங்கோல்கள் பத்தும் நீளத்தில் மட்டுமே வேறுபடும். ஒலி உருளைகள் ஒன்றுபோலத் தோன்றும். அசைத்தாலன்றி வேறுபாடு புலனாகாது. ஒரு பொருளில் ஒரு பண்பையே பிரித்துக் காட்டினாற் குழந்தையின் கருத்துச் சிதறாது என்பது இதன் அடிப்படை. மரக்கட்டையிலுள்ள குழிகளிற் பத்து உருளைகளைப் பொருத்தும் கருவியில், ஒன்று தவறினால் இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். பிழையை ஆசிரியர் எடுத்துக் கூற வேண்டியதில்லை, பொருளே கூறும். ஏறத்தாழ மூன்று வயதான சிறுமியொருத்தி, சுற்றிலும் பாட்டும் ஆரவாரமும் நிகழ, இவ்வுருளைகளை நாற்பது முறைக்கு மேலாக எடுத்தும் பொருத்தியும் களைப்பின்றி எழுந்ததை மொன்ரிசோரி எண்ணிப் பதிவுசெய்துள்ளார். விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் அருகிருந்தும் பிள்ளைகள் அவற்றை நாடவில்லை என்பதையும் அவர் குறித்துள்ளார். பெரியோரால் ஓயாது மகிழ்விக்கப்பட வேண்டியது குழந்தை என்ற எண்ணம் அங்குத் தகர்ந்தது. தனக்கேற்ற வேலையிற் தானே ஆழும் ஆற்றல் குழந்தைக்கு உண்டென்பது வெளிப்பட்டது.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1914இல் எழுதிய நூலில், குறித்த கருவியிற் பெறும் பயிற்சி பிற துறைகட்குப் பொதுவாகப் பரவுமெனக் கொள்ளல் உளவியலுக்கு ஒவ்வாதென்றார். தோண்டைக், வூட்வேர்த் என்னும் இருவரும் 1901இல் வெளியிட்ட ஆய்வுகள் அத்தகைய ஐயத்துக்கு முன்னரே வித்திட்டிருந்தன. கருவியைக் குறித்த முறையிலன்றி வேறு வகையிற் கையாள இடமின்மை குழந்தையின் கற்பனையைக் கட்டுப்படுத்தும் என்பதும் அவரது குறை. இக்கண்டனத்தை முற்றாகப் புறந்தள்ளல் இயலாது. இதனினும் வருந்தத்தக்கது பிறிதொன்று. வறியோர் குடியிருப்பிற் பிறந்த கருவிகள், பிழையற்ற அளவும் நேர்த்தியான மரவேலையும் வேண்டியமையால் விலை மிகுந்து, காலப்போக்கிற் பல நாடுகளிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கே எளிதிற் கிட்டும் பொருள்களாயின. ரூசோ வெறுத்த வெள்ளிக் கிலுகிலுப்பையின் இடத்தை இளஞ்சிவப்புக் கோபுரம் பெறுதல் அதனை ஆக்கியவரின் நோக்கத்துக்கே முரணாம்.

மொன்ரிசோரியின் வாழ்வின் பிற்பகுதி தமிழ் வழங்கும் நிலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. பிரமஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் அவர் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாறு வந்தடைந்தார். 1940 யூனில் இத்தாலி போரிற் புகுந்ததும் பிரித்தானிய இந்திய அரசு மரியோவைத் தடுத்து வைத்தது. மொன்ரிசோரியும் அடையாறு எல்லைக்குள் இருக்கப் பணிக்கப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்டில் அவரது எழுபதாம் பிறந்த நாளையொட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் கொடைக்கானலிற் தங்கிப் பணிபுரிந்தார். 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடாத்தினார். இன்றும் இந்நாட்டிற் பாலர் பாடசாலையை மொன்ரிசோரி என்றே மக்கள் வழங்குவது அத்தொடர்பை நினைவூட்டுகின்றது. பிறந்தது முதல் மூன்று ஆண்டுகளிற் குழந்தையின் உள்ளம் சூழலை உறிஞ்சிக்கொள்ளும் திறத்தை விளக்கும் அவரது நூல் 1949இல் அடையாற்றிலேயே வெளியாயிற்று. 1952இல் ஒல்லாந்தில் அவர் மறைந்தார்.

பிற்கால உளவியல் ஆய்வுகள் பழைய கருத்துகள் சிலவற்றை உறுதிப்படுத்தியும் சிலவற்றைத் திருத்தியும் உள்ளன. பிறந்து ஐந்து நாளும் நிரம்பாத குழந்தைகள் வெற்று நிறத்தினும் கறுப்பு வெள்ளைக் கோலங்களையும் முகவடிவத்தையும் நெடிது நோக்குகின்றன என்பதைப் பான்ற்ஸ் என்பார் 1963இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிறந்த மூன்று நாளுக்குள்ளேயே குழந்தை பிறர் குரலினும் தாயின் குரலை விரும்பிக் கேட்கின்றது என்பதை டிகாஸ்பர், பைபர் ஆகியோர் 1980இல் நிறுவினர். பிள்ளைத்தமிழின் முற்பருவங்கள் பொருளின்றித் தாயின் குரலோடும் முகத்தோடும் அமைந்தமையின் பொருத்தம் இதனாற் விளங்கும். பிரித்தானியரான எலினோர் கோல்ட்சிமிட் அம்மையார், எழுந்து உட்காரத் தொடங்கிய குழந்தையின்முன் மரக்கரண்டி, தூரிகை, துணி, சங்கிலி முதலாய வீட்டுப் பொருள்கள் நிறைந்த கூடையொன்றை வைக்கும் முறையைப் பரப்பினார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் லொக் கூறிய திறவுகோற் கொத்து அக்கூடையில் மீண்டும் இடம்பெற்றது.

மின்விசையாற் பாடியும் ஒளிர்ந்தும் தாமே இயங்கும் பொருள்கள் சந்தையில் மலிந்த பின்னர், அவை பற்றியும் ஆராயப்பட்டது. பத்து முதற் பதினாறு மாதம் வரையான குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் கொண்டு சோசா என்பார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய பொருளோடு விளையாடும்போது பெற்றோர் பேசும் சொற்கள் புத்தகத்தோடும் எளிய பொருளோடும் விளையாடும்போதினும் குறைந்தன எனக் கண்டனர். பொருள் பேசும்போது தாய் வாளாவிருக்கின்றாள். 2018இல் வெளியான பிறிதோர் ஆய்வில், பதினாறு பொருள்களுக்கிடையே விடப்பட்ட குழந்தைகளினும் நான்கு பொருள்களே கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஒவ்வொன்றிலும் நெடுநேரம் நின்று, பல்வேறு வகையாகக் கையாண்டு விளையாடினர். குவித்துக் கொடாதீர் என்ற பழைய அறிவுரைக்கு இது சான்றாயிற்று.

பழைய அறிஞர் போதிய கருத்துச் செலுத்தாத ஒன்று உண்டு. குழந்தைக்கு வாயும் ஓர் அறிகருவியாகும். கைப்பட்டதெல்லாம் வாய்க்குச் செல்லும். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிற் பிள்ளைகளைத் தாக்கிய ஈய நஞ்சு வீட்டு வண்ணப்பூச்சிலிருந்து வந்ததென்பதை மருத்துவர் லொக்காட் கிப்சன் 1904இல் எடுத்துக் காட்டினார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் விளையாட்டுப் பொருள்களில் ஈயம் மிக்க வண்ணம் விலக்கப்பட்டது 1978இலேதான். இடையிற் கழிந்த ஆண்டுகள் எழுபதுக்கு மேல். மூன்று வயதுக்குட்பட்டோர்க்குரிய பொருளின் எப்பகுதியும் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனைக் குழலினுள் முற்றாக அடங்குதல் ஆகாதென்ற விதியும், பல குழந்தைகள் மூச்சடைத்து மாண்ட துயரத்தின் பின்னர் எழுந்ததே. ரூசோவின் கசகசாக் காயும், யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கிலுகிலுப்பையும் ஓரினத்தவை. இரண்டும் இனிய ஒலி தருவன. ஆயின் ஓலை பிரிந்து உள்ளிருக்கும் விதை வெளிப்படுமாயின் இரண்டும் ஏதம் விளைப்பன. எளிமை மட்டுமே காவலாகாது. கொடுப்பவரின் கண்ணும் உடனிருத்தல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து பெற்றோரும் பாலர் ஆசிரியரும் கொள்ளத்தக்க முடிபுகள் சில. முதற் சில மாதங்களிற் குழந்தைக்குத் தாயின் முகமும் குரலுமே தலையாய விளையாட்டுப் பொருள்கள். கை பற்றத் தொடங்கியதும் பாரம், வழவழப்பு, சொரசொரப்பு, ஒலி ஆகியவற்றில் வேறுபட்ட எளிய பொருள்கள் சில போதும். நடக்கும் பருவத்தில் அடுக்கவும் பொருத்தவும் உருட்டவும் கூடியவை வேண்டும். எப்பருவத்திலும் பொருள் குறைவாகவும், பழுதும் நஞ்சும் அற்றதாகவும், தான் செயற்படுவதினும் குழந்தையைச் செயற்படுத்துவதாகவும் அமைதல் தகும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தரமான புலப்பயிற்சி பணமுள்ளோர்க்கே உரியது என்னும் எண்ணம் வறிய பெற்றோரின் உள்ளத்திற் தாழ்வுணர்ச்சியை விளைவிப்பதன்றி, வரலாற்றுக்கும் மாறானது. காட்டிற் கண்டெடுத்த சிறுவனிடத்தும், சான் லொரன்சோவின் ஏழைப் பிள்ளைகளிடத்துமே அக்கல்வி பிறந்தது.

உரோகசேனனின் மண்தேரில் வசந்தசேனை இட்ட அணிகலன்கள் அவனுக்கு விளையாட உதவவில்லை. பின்னர் வழக்கு மன்றத்தில் அவையே சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி, அவனைக் கொலைக்களம்வரை இட்டுச் சென்றன. மண்தேரோ எவருக்கும் தீங்கு செய்ததன்று. உருட்டுவாரின் கைக்காக அது காத்திருந்தது.